மாணாக்கரின் நாவும் உபாத்தியாயரின் அச்சமும்

(மயிலாப்பூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம்முடைய குடியரசு பிறந்து நான்கு மாதங்கள் நிறைந்த சமயத்தில், 1950-ஆம் ஆண்டு மே மாதம் 26-ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பை வழங்கிற்று. பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் வெளியிட்டு வந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற ஆங்கில வாரப் பத்திரிகை சென்னை ராஜ்யத்துக்குள் நுழையவும் கூடாது, விநியோகமாகவும் கூடாது என்று, 1949-ஆம் ஆண்டின் பொது அமைதிப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி நம் சர்க்கார் விதித்திருந்த தடையைச் செல்லாததாக்கிய தீர்ப்பு அது. பெரும்பான்மை நீதிபதிகளின் சார்பில் அதை எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரியார். அவர் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வக்கீலாக இருந்தவர். அவருடைய தகப்பனார் பச்சையப்பன் கல்லூரியில் சம்ஸ்கிருத பண்டிதராக இருந்தவர். ஓர் உபாத்தியாயரின் வீட்டில் வளர்ந்த பிள்ளை பேச்சுச் சுதந்திரத்துக்கு முதல் காவல் அமைத்தார் என்பதை இன்றைய விஷயத்தைத் தொடங்கும்போது நினைவுகூர்வது எனக்கு அவசியமாகப் படுகிறது. ஏனெனில் நாம் இன்று ஆராயப்போவது, உபாத்தியாயரும் பேச்சுச் சுதந்திரமும் ஒன்றுக்கொன்று விரோதிகள் என்று பலரும் எண்ணத் தலைப்பட்டிருக்கும் ஒரு விவகாரம்.

பள்ளியிலும் கல்லூரியிலும் படிக்கும் பிள்ளைகள் தங்கள் ஆசிரியர்களை இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் மிரட்டுகிறார்கள் என்ற கவலை, தியாகராய நகரில் ஒரு பெற்றோர் கூட்டத்துக்குப் போனாலும் அடையாற்றில் ஓர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குப் போனாலும் எழாமல் இருப்பதில்லை. அதற்குச் சொல்லப்படும் பரிகாரங்கள் இரண்டே வகைப்படுகின்றன. போலீஸில் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது ஒரு கட்சி. பிள்ளைகள் விளையாட்டாகப் பேசுவதைப் பெரிதுபடுத்தலாகாது என்பது மற்றொரு கட்சி. இரண்டு கட்சியாரும் ஒரு கேள்வியைக் கேளாமலே விடை சொல்லிவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். பிள்ளை எழுதியது என்ன, அது யாரை நோக்கி எழுதப்பட்டது, அதைப் படித்த ஆசிரியருக்கு நேர்ந்தது என்ன என்பதே அந்தக் கேள்வி.

அரசியல் சாசனத்தின் 19-ஆவது பிரிவு பிரஜைகளுக்குப் பேச்சுரிமையைக் கொடுத்து, அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் அதற்கு எல்லைகளையும் வகுக்கிறது. பதஞ்சலி சாஸ்திரியாரின் தீர்ப்புக்குப் பின், 1951-இல் வந்த முதல் திருத்தம் ‘பொது ஒழுங்கு’, ‘குற்றத்துக்குத் தூண்டுதல்’, அயல்நாடுகளோடு நட்புறவு ஆகியவற்றைச் சேர்த்தது. கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அப்போதுதான் எழுத்தில் வைத்தது. 1963-இல் நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும் சேர்ந்தன. ஆக இன்று எட்டுக் காரணங்களுக்காகப் பேச்சைக் கட்டுப்படுத்தலாம். அந்த எட்டில் நீதிமன்ற அவமதிப்பு இருக்கிறது. ஆசிரியரை அவமதித்தல் இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சாசனத்தை இயற்றியவர்களுள் ஆசிரியத் தொழில் பார்த்தவர்கள் இருந்தார்கள். இருந்தும் வகுப்பறையின் மரியாதையைச் சட்டத்தின் தடியால் காப்பாற்ற அவர்கள் நினைக்கவில்லை. மாணவன் ஒருவன் தன் வாத்தியாருக்கு வைத்த பட்டப்பெயரும், அவர் நடையைப் போலச் செய்து போட்ட ரீல்ஸும், அவர் பாடம் நடத்துவது தாலாட்டுப் போலிருக்கிறது என்று நண்பர்களுக்குள் எழுதியதும் அவருக்கு மனவேதனை தரலாம். தரும் என்றே நான் அறிவேன். ஆயினும் அவை குற்றமல்ல. வீட்டிலும் பள்ளியிலும் திருத்த வேண்டிய குணக்கேடு வேறு, ராஜ்யம் தண்டிக்க வேண்டிய செயல் வேறு.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு, நம் வட்டாரத்திலேயே நடந்த ஒரு சம்பவம் காரணம். ருக்மிணி தேவி அருண்டேல் 1936-இல் அடையாற்றில் தோற்றுவித்ததும், இன்று திருவான்மியூர்க் கடற்கரைக்கு அருகே விளங்குவதும், பாராளுமன்றத்தின் 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்றதுமான கலாக்ஷேத்திராவை இந்தச் சபையில் அறியாதவர் இருக்க முடியாது. குருவின் பாதத்தைத் தொட்டு நமஸ்கரித்துப் பாடம் தொடங்கும் சம்பிரதாயம் வழுவாத இடம் அது. 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் அதன் முன்னாள் இயக்குநர் லீலா சாம்சன் ஃபேஸ்புக்கில் ஒரு குறிப்பு எழுதினார்; அங்கே பயிலும் இளம் பெண்களுக்கு ஓர் ஆசிரியரால் துன்பம் நேர்கிறது என்பது அதன் சாரம். அந்தக் குறிப்பு பின்னர் அகற்றப்பட்டது. ஆனால் அதற்குப் பிறகு மாணவிகளும் முன்னாள் மாணவிகளும் சமூக ஊடகங்களில் எழுதியவை நிற்கவில்லை. நிர்வாகம் அவற்றை, ஸ்தாபனத்தின் பெயரைக் கெடுப்பதற்காகப் பரப்பப்படும் வதந்திகள் என்று ஒதுக்கிற்று. 2023 மார்ச் மாதக் கடைசியில் மாணாக்கர்கள் வளாகத்திலேயே தரையில் உட்கார்ந்து போராடினார்கள்; மாநில மகளிர் ஆணையத்தின் தலைவர் நேரில் வந்து அவர்களுடைய புகார்களைக் கேட்டார்; ஏப்ரல் 3-ஆம் தேதி, முன்னாள் மாணவி ஒருவர் அடையாறு அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் பேரில் ஓர் ஆசிரியர் கைது செய்யப்பட்டார். ஓய்வு பெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் மூவர் குழுவும் அதன் பிறகே அமைந்தது.

சற்று நின்று யோசியுங்கள். குருவுக்கு எதிராகப் பகிரங்கமாக ஒரு சொல்லும் எழுதலாகாது என்ற நியதி அப்போது சட்டமாக இருந்திருக்குமானால், அந்த மாணவிகள் அனைவரும் குற்றவாளிகளாக நின்றிருப்பார்கள். அவர்கள் எழுதியதில் கடுமை இருந்தது, கோபம் இருந்தது, பெயர் சுட்டிய குற்றச்சாட்டும் இருந்தது. ஆனால் யாருடைய உடலுக்கும் கேடு செய்வோம் என்ற சொல் அதில் இல்லை. எங்களுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள் என்ற வேண்டுகோள்தான் அந்தக் கோபத்தின் உள்ளீடு. நம் பழைய மரபும் ஆசிரியரைக் கேள்விக்கு அப்பாற்பட்டவராக வைக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், நல்லாசிரியரின் இலக்கணத்தைச் சொன்ன பிறகு, ஆசிரியர் ஆகாதவர் யார் என்பதற்கும் தனியே இலக்கணம் வகுத்திருக்கிறது. மாணாக்கர் எல்லோரும் மனப்பாடம் செய்த நூலில், தகுதியில்லாத ஆசிரியரை இனம் காணும் அடையாளங்களையும் வைத்த துணிவை நாம் மறந்துவிட்டோம். மறந்துவிட்டு, குருபக்தி என்ற பெயரில் வாயடைப்பதை மரபென்று நம்புகிறோம்.

இனி மறுபக்கத்துக்கு வருகிறேன். 2012-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் தேதி, பாரிமுனைக்கருகே ஆர்மேனியன் தெருவிலுள்ள ஒரு பள்ளியின் வகுப்பறையில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் ஆசிரியையைக் கத்தியால் குத்திக் கொன்றான். அவனுக்கு வயது 15. படிப்பில் கவனமில்லை என்று அந்த அம்மையார் அவனுடைய டைரியில் எழுதியனுப்பிய குறிப்புகளே அவன் மனத்தில் பகையாக வளர்ந்தன என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. அந்தப் பள்ளியின் பெயரையோ அவர்கள் இருவரின் பெயர்களையோ சொல்ல வேண்டிய தேவையில்லை. இந்நகரத்து ஆசிரியர் எவருக்கும் அந்த நாள் மறக்கவில்லை. அன்று முதல், “பார்த்துக்கறேன்” என்று ஒரு பையன் முணுமுணுத்தால் அதைக் கேட்காதது போலப் பாடத்தைத் தொடர்வது ஆசிரியருக்குச் சுலபமாக இல்லை. இதை அறியாதவர்கள்தான், “சும்மா கலாய்ச்சோம் சார், அதுக்குப் போய் இவ்வளவு சீரியஸா?” என்று மாணவன் சொல்வதைக் கேட்டுத் தலையசைக்கிறார்கள்.

2022 ஏப்ரலில் திருப்பத்தூர் மாவட்டம் மாதனூரில் அரசுப் பள்ளி மாணவன் ஒருவன் வகுப்பிலேயே ஆசிரியரை வசைபாடி அடிக்கப் பாய்ந்ததும், அதைக் கூட இருந்தவர்கள் செல்போனில் படம் பிடித்ததும், அந்தக் காட்சி தமிழ்நாடு முழுவதும் பரவியதும் உங்களுக்கு நினைவிருக்கும். அதில் என்னை மிகவும் கலங்க வைத்தது அந்த மாணவனின் ஆவேசத்தைக் காட்டிலும் படம் பிடித்த கைகளின் நிதானம். சண்டையை விலக்க வேண்டிய வயதுத் தோழர்கள் அதைப் பதிவு செய்கிறார்கள். பதிவு செய்யப்படுகிறோம் என்பதை அறிந்த மாணவனின் குரல் உயர்கிறது. எதிரே நிற்கும் ஆசிரியரை நோக்கிப் பேசுவதுபோல் இருந்தாலும் அவன் உண்மையில் பேசுவது அங்கே இல்லாத ஆயிரம் பேரை நோக்கி. சமூக ஊடக மிரட்டலின் சுபாவம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

பழைய நாளில் ஒரு மாணவனுக்கு வாத்தியார் மீது ஆத்திரம் வந்தால் கழிப்பறைச் சுவரில் கரித்துண்டால் எழுதுவான், பியூன் வெள்ளையடித்துவிடுவார், விஷயம் அதோடு முடியும். இன்றோ ஆசிரியையின் புகைப்படத்தை எடுத்து, அதன் மேல் அரிவாள் படத்தை ஒட்டி, சினிமாவில் வரும் பழிவாங்கும் வசனத்தைப் பின்னணியில் ஓடவிட்டு ஸ்டோரியாகப் போடுகிறான். அந்த ஸ்டோரி 24 மணி நேரத்தில் தானே மறைந்துவிடும் என்பது அவனுடைய தைரியம். மறைவதற்குள் அதை இருநூறு பேர் பார்க்கிறார்கள். நெருப்புக் குறிகளை அனுப்புகிறார்கள். “செம மாஸ் மச்சி, செஞ்சு காட்டு” என்கிறார்கள். யாரோ ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறார். அது ஆசிரியையின் மகளுடைய செல்போனுக்கே வந்து சேர்கிறது. எழுதினவனுக்குச் செய்யும் எண்ணம் இல்லாமலே இருந்திருக்கலாம். ஆனால் செய்து காட்டும்படி கேட்கும் கூட்டம் ஒன்று இப்போது அவனைச் சுற்றி உருவாகிவிட்டது. பின்வாங்கினால் அவமானம் என்ற நிலைக்கு அவனும் வந்துவிடுகிறான். இந்நகரத்துக் கல்லூரிகளில் ‘ரூட்டு தல’ என்று பட்டம் சூட்டிக்கொண்டு பஸ் வழித்தடங்களுக்காகப் பகைத்துக்கொள்ளும் மாணவர் கூட்டங்களிடம் இந்தக் கதியை நாம் கண்கூடாகப் பார்த்திருக்கிறோம். 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் பட்டப்பகலில் பஸ்ஸுக்குள் பட்டாக்கத்தியோடு மாணவர்கள் பாய்ந்தபோது, சவடாலாகத் தொடங்கும் பகை எங்கே போய் முடியும் என்பது ஊருக்கே தெரிந்தது.

பேச்சுக்கும் விளைவுக்கும் எவ்வளவு நெருக்கம் இருந்தால் தடை நியாயமாகும் என்பதற்கு நம் தமிழ்த் திரைப்படம் ஒன்றின் வழக்கே வழிகாட்டியாக இருக்கிறது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற படம் இடஒதுக்கீட்டைப் பற்றிய தன் கருத்தால் எதிர்ப்பைச் சம்பாதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதன் தணிக்கைச் சான்றிதழை ரத்து செய்தது. 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றிப் படத்தைக் காப்பாற்றியது. ஆபத்து என்பது எங்கோ தூரத்தில் இருக்கும் ஊகமாக இருந்தால் போதாது. வெடிமருந்துக் கிடங்கில் விழுந்த பொறியைப் போலச் சொல்லோடு ஒட்டிப் பிறப்பதாக இருக்க வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். இந்த அளவுகோலை வகுப்பறைக்குக் கொண்டுவந்தால், சொல்லை மாத்திரம் பார்த்து முடிவு செய்ய முடியாது என்பது தெளிவாகும். ஒரே பழிவாங்கும் வசனத்தை நாடக ஒத்திகையில் ஒரு பையன் பேசுகிறான். கவிதையில் இன்னொருவன் எழுதுகிறான். ஆசிரியை எந்த பஸ்ஸில் ஏறுகிறார், மந்தைவெளியில் எந்தத் தெருவில் வசிக்கிறார் என்பதையும் சேர்த்து மூன்றாமவன் எழுதுகிறான். முதல் இருவரைத் தண்டிப்பது அறியாமை. மூன்றாமவனை விட்டுவிடுவது அந்த ஆசிரியைக்குச் செய்யும் துரோகம்.

இந்த இடத்தில் அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்ல விரும்புகிறேன். அது என்னை நெடுநாள் அமைதியாக இருக்கவிடவில்லை. 2011-இல் மிசிசிப்பி மாநிலத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவன், தன் பள்ளியின் விளையாட்டுப் பயிற்சியாளர்கள் இருவர் மாணவிகளிடம் தகாத முறையில் நடந்துகொள்கிறார்கள் என்று தோழிகள் சொல்லக் கேட்டு, பள்ளிக்கு வெளியே ராப் பாட்டு ஒன்றைப் பதிவு செய்து ஃபேஸ்புக்கிலும் யூடியூபிலும் போட்டான். பாட்டில் குற்றச்சாட்டும் இருந்தது. துப்பாக்கியைச் சுட்டிய மிரட்டலும் இருந்தது. பள்ளி அவனை ஏழு நாள் இடைநீக்கம் செய்து வேறு பள்ளிக்கு அனுப்பியது. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போய், 2015-இல் முழு அமர்வு பள்ளியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சிறுபான்மை நீதிபதிகளோ, அவன் அநியாயத்தை வெளிப்படுத்தியவன், அவனைத் தண்டிக்கலாகாது என்றார்கள். அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 2016-இல் வழக்கை ஏற்க மறுத்துவிட்டது. அந்தப் பயிற்சியாளர்களில் ஒருவர் தாம் பயந்துபோனதாகச் சாட்சியம் சொன்னார். அந்தப் பயம் பொய்யல்ல. அந்த மாணவிகளின் வேதனையும் பொய்யென்று ஒதுக்கத்தக்கதல்ல. ஒரே பாட்டுக்குள் புகாரும் மிரட்டலும் பின்னிக் கிடக்கும்போது நாம் என்ன செய்வோம்? மிரட்டலைக் காரணம் காட்டிப் புகாரைப் புதைத்துவிடுவதுதான் ஸ்தாபனங்களின் சுபாவம். அந்த வழக்கில் பள்ளி செய்திருக்க வேண்டியது இரண்டு விசாரணைகள். ஒன்று அந்தப் பையனைப் பற்றி, மற்றொன்று அவன் சொன்ன செய்தியைப் பற்றி. மிரட்டியவன் சொன்னான் என்பதற்காக ஓர் உண்மை பொய்யாகிவிடாது. உண்மையைச் சொன்னான் என்பதற்காக ஒரு மிரட்டல் பொறுக்கத்தக்கதாகிவிடவும் ஆகாது.

நம் நாட்டில் இந்த இரண்டையும் பிரித்தறியாமல் ஒரே வலையில் பிடிக்கப் பார்த்த சட்டம் ஒன்று இருந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, மிக அருவருப்பாகவோ மிரட்டும் தன்மையுடனோ இருக்கும் செய்தியையும், பிறருக்குத் தொந்தரவும் அசௌகரியமும் உண்டாக்கும் பொய்ச் செய்தியையும் ஒரே தட்டில் வைத்து, மூன்றாண்டு வரை சிறை என்றது. மகாராஷ்டிரத்தில் 2012-இல் ஒரு தலைவரின் மறைவுக்காக நகரம் ஏன் முடங்க வேண்டும் என்று ஃபேஸ்புக்கில் கேட்ட பெண்ணும், அதை விரும்பியதாகக் குறியிட்ட அவளுடைய தோழியும் கைதானார்கள். ஷ்ரேயா சிங்கால் என்ற சட்ட மாணவி தொடுத்த வழக்கில், 2015 மார்ச் 24-ஆம் தேதி நீதிபதிகள் செலமேஸ்வரும் நரிமனும் அந்தப் பிரிவை அடியோடு நீக்கினார்கள். ஒரு விஷயத்தை விவாதிப்பதும் அதை ஆதரித்து வாதாடுவதும் எவ்வளவு கசப்பாக இருந்தாலும் உரிமையே. தூண்டுதல் என்ற கட்டத்தை அடையும்போதுதான் ராஜ்யம் குறுக்கிடலாம் என்பது அவர்கள் வரைந்த கோடு. அப்படியும் அந்த இறந்த பிரிவின் கீழ்ப் போலீஸார் வழக்குகளைப் பதிந்துகொண்டே இருந்தார்கள் என்பது 2021-இல் நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்து, நீதிபதிகளே அதிர்ச்சி தெரிவித்தார்கள். சட்டம் போன பிறகும் பழக்கம் போவதில்லை. ஆகையால்தான், வாத்தியாரைத் திட்டிவிட்டான் என்று ஒரு பையனைக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லும் யோசனையை நான் அஞ்சுகிறேன்.

66ஏ போய்விட்டதால் மிரட்டப்பட்ட ஆசிரியருக்குக் கதியில்லை என்று எண்ண வேண்டாம். 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் குற்றமுறு மிரட்டல் என்று இருந்ததுதான், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதையில் 351-ஆவது பிரிவாக நிற்கிறது. உடலுக்கோ, நற்பெயருக்கோ, சொத்துக்கோ கேடு செய்வதாக, ஒருவருக்குத் திகில் உண்டாக்கும் நோக்கத்தோடு மிரட்டுவது என்று அது வரையறுக்கிறது. நோக்கம் என்ற சொல்லைக் கவனியுங்கள். மனம் புண்பட்டது என்பது போதாது. நற்பெயர் என்ற சொல்லையும் கவனியுங்கள். “மார்க் போடலேன்னா உங்க மேல போக்ஸோ கேஸ் கொடுப்பேன்” என்று நடக்காத ஒன்றைச் சொல்லி ஒரு மாணவனோ மாணவியோ எழுதினால் அதுவும் மிரட்டலே. ஆனால் நடந்த ஒன்றைப் பற்றி, “நான் புகார் கொடுக்கப்போகிறேன்” என்று எழுதினால் அது உரிமை. இந்த வித்தியாசத்தை விசாரித்து அறியாமல், புகார் என்ற சொல்லைக் கேட்டதுமே மிரட்டல் என்று கூவும் நிர்வாகிகள் கலாக்ஷேத்திரச் சம்பவத்தை மறுபடியும் படிக்க வேண்டும்.

பதினெட்டு வயது நிரம்பாதவனுக்குச் சட்டம் இன்னும் இளகிய முகம் காட்டுகிறது, காட்டவும் வேண்டும். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் விதிகளின்படி, கொடுங்குற்றம் அல்லாதவற்றுக்குச் சிறுவன் மீது எஃப்.ஐ.ஆர். பதிவதில்லை, காவல் நிலையத்தின் பொது நாட்குறிப்பில் குறித்து, அவனுடைய குடும்பச் சூழ்நிலையைப் பற்றிய அறிக்கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்புகிறார்கள். அவனுடைய முகத்தையோ பெயரையோ பள்ளியையோ வெளியிடுவதை அதே சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடுக்கிறது. மாதனூர்க் காட்சி போன்றவற்றைக் கோபத்தோடு பத்துக் குழுக்களுக்கு அனுப்பும் பெரியவர்களுக்கு இது நினைவிருக்க வேண்டும். ஒழுக்கம் கெட்டுவிட்டது என்று வருந்திக்கொண்டே ஒரு சிறுவனின் முகத்தை அவன் ஆயுள் முழுவதும் தொடரும்படி விதைக்கிறோம்.

மாதனூர்ச் சம்பவத்தை அடுத்து, 2022 மே மாதம், தவறாக நடக்கும் மாணவர்களைப் பள்ளியிலிருந்து நீக்கி, மாற்றுச் சான்றிதழிலேயே காரணத்தைக் குறிப்போம் என்று பள்ளிக்கல்வி அமைச்சர் அன்பில் மகேஷ் பொய்யாமொழி அறிவித்தார். ஆசிரியர்களின் வருத்தத்துக்கு அவர் செவிசாய்த்தது நியாயம். ஆயினும் அந்தப் பரிகாரத்தை என்னால் ஏற்க முடியவில்லை. டி.சி.யில் எழுதப்பட்ட ஒரு வரி பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எல்லாப் பள்ளிக் கதவுகளையும் சாத்திவிடும்; சாத்தப்பட்ட பிள்ளை எங்கே போவான் என்பதை நாம் அறிவோம். பிரம்பை எடுத்துவிட்டதால்தான் இவ்வளவும் என்று சொல்லும் முதியவர்கள் இந்தச் சபையிலும் இருக்கக்கூடும். தமிழ்நாட்டில் 2003-இல் விதியைத் திருத்தி உடல் தண்டனையை விலக்கினார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தேசம் முழுவதிலும் அதை விலக்கிற்று. அதற்கு முந்தைய காலம் அமைதியாக இருந்ததா? 1916-இல், ஆங்கிலேயர் ஆட்சியின் அதிகாரம் முழுவதும் ஆசிரியரின் பின்னால் நின்ற நாளில், கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஓட்டன் என்ற பேராசிரியரை மாணவர்கள் தாக்கினார்கள். அவர் மாணவர்களைக் கைநீட்டித் தள்ளினார் என்ற ஆத்திரம் அதற்குக் காரணம். அதன் பொருட்டுக் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டவர்களில் ஒருவர் சுபாஷ் சந்திர போஸ். நீக்கப்பட்ட அந்த இளைஞருக்கு மறுபடியும் படிக்க வேறொரு கல்லூரி கதவு திறந்தது என்பதையும், பிற்காலத்தில் ஓட்டனே தம் பழைய மாணவனைப் போற்றிக் கவிதை எழுதினார் என்பதையும் நாம் அறிய வேண்டும்.

ஆகவே, நடைமுறையில் நான் வேண்டுவது இதுதான். மிரட்டல் ஒன்று கண்ணில் பட்டால், தலைமையாசிரியர் அன்றைக்கே அந்த ஆசிரியரை அழைத்து, “உங்களுக்குப் பயமாக இருக்கிறதா?” என்று கேட்க வேண்டும்; அவர் ஆமென்றால் அதைக் கோழைத்தனமாக எண்ணாமல் எழுத்தில் பதிய வேண்டும். விசாரணை முடியும் வரை அந்த மாணவனை அவருடைய வகுப்பிலிருந்து விலக்கி வைக்கலாம். பள்ளியை விட்டு விலக்க அவசரப்படலாகாது. மிரட்டினவனை மட்டும் கூப்பிடாமல், “செஞ்சு காட்டு” என்று எழுதிய தோழர்களையும் அவர்களுடைய பெற்றோர்களையும் கூப்பிட வேண்டும். ஏனெனில் பல சமயங்களில் அடுப்பை மூட்டியவர்கள் அவர்களே. முகவரியும் நேரமும் ஆயுதமும் குறிப்பிடப்பட்டிருந்தால் அன்றே காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். அங்கே கருணை என்ற பெயரில் காலம் கடத்துவது பாவம். இவற்றோடு, மாணாக்கர் ஆசிரியர் மீது புகார் கொடுக்க ஓர் ஏற்பாடு வேண்டும்; அந்தப் புகாரை, குற்றம் சாட்டப்பட்டவரோடு அறையில் ஒன்றாக உட்கார்ந்து டீ குடிக்கும் சகாக்கள் மட்டுமே விசாரிப்பதாக அது இருக்கலாகாது. கேட்க ஆளில்லாத கோபந்தான் பெரும்பாலும் அரிவாள் படத்தைத் தேடிப் போகிறது.

இறுதியாக, பெயர் மறைத்து எழுதுபவர்களைப் பற்றி என்னிடம் கேள்வி வரும் என்பதை அறிவேன். ஃபேக் ஐடி வைத்து எழுதுவதை எல்லாம் தடுத்துவிட்டால் என்ன என்று கேட்கிறார்கள். 2015 மே மாதம் அடையாற்றுப் பக்கத்து ஐ.ஐ.டி.யில், அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் என்ற மாணவர் அமைப்பின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. அதற்கு வழி வகுத்தது மத்திய சர்க்காருக்குப் போன ஒரு மொட்டைக் கடிதம். சில வாரங்களில் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. அங்கே பெயரில்லாத ஒரு கை, பெயரோடு பேசிய மாணவர்களின் வாயை அடைத்தது. 2021 மே மாதத்திலோ, கே.கே. நகரில் ஒரு பள்ளியின் ஆசிரியரைப் பற்றி மாணவிகள் எழுதியனுப்பியவற்றை, அவர்களுடைய பெயர்களை மறைத்து, முன்னாள் மாணவி ஒருவர் இன்ஸ்டாகிராமில் வெளியிட்டார். சில நாட்களில் அந்த ஆசிரியர் கைதானார். பெயர் மறைந்திராவிட்டால் அந்தப் பெண்கள் பேசியிருக்கவே மாட்டார்கள். பலமில்லாதவர் தம்மைக் காத்துக்கொள்ளப் பெயரை மறைப்பதும், தாக்க நினைப்பவர் பிடிபடாமலிருக்கப் பெயரை மறைப்பதும் சட்டத்தின் கண்ணிலும் வெவ்வேறு. 351-ஆவது பிரிவின் நான்காம் உட்பிரிவு, அடையாளத்தை ஒளித்துக்கொண்டு மிரட்டுபவருக்கு, மிரட்டலுக்குரிய தண்டனையோடு இன்னும் இரண்டாண்டு வரை சிறை சேர்க்கிறது. பெயரைச் சொல்லாமல் புகார் எழுதுவதற்கு எந்தத் தண்டனையையும் அது சொல்லவில்லை. ஆகவே பெயரில்லாத பதிவு ஒன்று வந்ததும், எழுதியது யார் என்று தேடத் தொடங்குவதற்கு முன்னால், எழுதியிருப்பது என்ன என்பதைத் தலைமையாசிரியர் இரண்டு முறை படிக்கட்டும். மிரட்டல் என்றால் எழுதியவரைக் கண்டுபிடிக்கப் போலீஸாருக்கு வழி இருக்கிறது. புகார் என்றால் தேட வேண்டியது எழுதியவரையல்ல.